சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க

அவரை முதன்முதலில் பார்க்கப் போன அன்று, முன்பின் தெரியாத ஆறு பேருக்கு முன்னால், ஓர் ஈரத் துண்டை ரொட்டி மாவாக நினைத்து என்னை வீச வைத்தார்.

நான் சாலாக் செலாத்தானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய், அதாவது மாவை வீசி விரித்துக் கல்லில் சுடும் பரோட்டா, போடுகிறவன். இருபது வருஷத்துக்கு மேலாக அதே கல், அதே வேலை. அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு வலது தோளில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. முதலில் மாவை வீசும்போது மட்டும் சுருக்கென்றது. பிறகு சட்டை மாட்டும்போது வலித்தது. பிறகு தலை வாரும்போது. கடைசியில் வலது பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. வலிக்கு ஒட்டும் கோயோக் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். ஒட்டியதன் மேலேயே இன்னொன்றும் ஒட்டினேன். சுளுக்கு எடுப்பவரிடம் போய் நீவிவிட்டுக்கொண்டேன். அன்றைக்குச் சுகமாக இருக்கும். மறுநாள் மாவைத் தொட்டதும் பழைய கதைதான்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். அவர் ஒருநாள் என் தோளைத் தொட்டு, "கை சரியாகலன்னா நீ டீ, காப்பின்னு தண்ணி கலக்குற பக்கம் வந்துடுடா. கல்லுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்கு அது அடி மாதிரி விழுந்தது. நாற்பத்தாறு வயதில், எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலையை என் கை மறந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், தோளுக்குள் தசைநார் நைந்திருக்கிறது, அறுக்க வேண்டிய அளவுக்கு இல்லை, முதலில் பிசியோவிடம் போங்கள் என்றார். பிசியோ என்றால் சூடு வைப்பார்கள், ஏதோ மெஷினை ஒட்டுவார்கள், நாம் கண்ணை மூடிப் படுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் கொமியூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன்.

பூக்கடைகளுக்கு அடுத்த வரிசையில், கண்ணாடிக் கதவு போட்ட நீளமான ஒரு கடைதான் அவருடைய கிளினிக். உள்ளே மூன்று கட்டில், ஓர் ஓரமாக ஏழெட்டு நாற்காலி, சுவரெல்லாம் கலர் கலராகத் தொங்கும் ரப்பர் பட்டைகள். அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். குள்ளம். கட்டையாக வெட்டிய நரைமுடி, டிராக்சூட், கழுத்தில் பொடிச் சிலுவை ஒன்று. அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்றும், பிறந்து வளர்ந்தது எல்லாம் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். எல்லோரும் 'மிஸ்' என்றார்கள். நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன். யாராவது டாக்டர் என்றால் உடனே திருத்துவார்: "டாக்டர் இல்ல, பிசியோ. டாக்டர் மருந்து குடுப்பாங்க. நான் வேல குடுப்பேன்."

நான் என் தோளின் வரலாற்றைத் தொடங்கினேன். தீபாவளியில் ஆரம்பித்து, கோயோக், சுளுக்கு, ஸ்கேன், முதலாளி என்று பத்து நிமிடம் சொல்லியிருப்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மூச்சு வாங்க நான் நிறுத்திய நேரம் பார்த்து, "தம்பி, எல்லாம் கேட்டுட்டேன். இனி சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க" என்றார்.

"என்னத்த மிஸ்?"

"ரொட்டி."

"இங்கயா? மாவுக்கு எங்க போறது?"

உள்ளே போய் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தார். ஒரு கட்டிலின் உயரத்தை ஏதோ ஒரு கைப்பிடியால் மேலே ஏற்றினார். "இந்த உயரமா உங்க மேச?"

"இன்னும் மேல மிஸ்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

கட்டில் என் நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. துண்டை வைத்தார். நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தட்டினேன், இழுத்தேன், தூக்கி வீசினேன். துண்டிலிருந்து தண்ணீர் சுவர் வரைக்கும் தெறித்தது. நாற்காலியில், முட்டிக்குத் துணி சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "எனக்கு ரொட்டி தெலூர் ஒண்ணு தம்பி, முட்டையோட வெங்காயமும் போட்டு!" என்றார். அந்த இடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான் என்பது ரயிலில் திரும்பும்போது ஞாபகம் வந்தது.

மிஸ் மட்டும் சிரிக்காமல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்தார், குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். "உங்க தோளு ஏன் காது வரைக்கும் போகுது? முழங்கை ஏன் கோழி இறக்க மாதிரி விரியுது? காலு ரெண்டும் தூங்குது, பாவம் தோளு மட்டும் வேல செய்யுது" என்றார். பிறகு, "நாளைக்கு உங்க கடைக்கு வரேன் லா. துண்ட நம்ப முடியாது."

அவருடைய சுபாவமே அதுதான். யார் சொல்வதையும் நம்ப மாட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. "வாய்க்கு வலி தெரியாது தம்பி. அது கேள்விப்பட்டதத்தான் சொல்லும்" என்பார். உடம்பு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அதனால் அந்தக் கிளினிக்குக்கு ஆட்கள் வரும் கோலமே வேடிக்கையாக இருக்கும். ஒருவர் மண்வெட்டியோடு வருவார். ஒருவர் கணினியைக் கையில் தூக்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேட்மிண்டன் ஆடும் மூன்று அங்கிள்கள் மட்டையோடு வந்து, நாற்காலிகளுக்கு நடுவே குதித்துக் காட்டுவார்கள். "ஆறு நாள் ஆபீஸ்ல உக்காந்திருக்கிற காலு, ஏழாவது நாள் கார்லேர்ந்து இறங்குனதும் குதிச்சா அது என்ன செய்யும்? சொல்லாமக் கொள்ளாம எழுப்புன ஆள் மாதிரி திட்டும்" என்று அவர்களைக் கோர்ட்டுக்குள் இறங்கும் முன் பத்து நிமிடம் மெல்ல ஓடவும், குதிகாலை உயர்த்தி இறக்கவும் பழக்கினார். அதற்குப் பிறகு அவர்கள் நொண்டிக்கொண்டு வரவில்லை. ஆனாலும் வருவார்கள், சும்மா பேச.

ஒருமுறை ஓர் இளம் தாய் கட்டை விரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது என்று வந்தாள். மிஸ் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைய எங்கம்மா?" என்பதுதான். பிள்ளை வெளியே காரில் அப்பாவோடு இருந்தது. கொண்டுவரச் சொன்னார். கொழுகொழுவென்று எட்டு மாதப் பையன். "தூக்கிக் காட்டு." அவள் இரண்டு கட்டை விரலையும் விரித்து, அக்குளில் கொடுத்துத் தூக்கினாள். "அங்கதான் இருக்கு உன் வலி. ஒரு நாளைக்கு எத்தன தடவ இப்படித் தூக்குற! ஒரு கைய அடியில குடு, அள்ளுற மாதிரி. கட்ட விரல விரிக்காத" என்று தானே தூக்கிக் காட்டினார். பையன் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்ப மாட்டேன் என்றான். அன்று என்னுடைய சிகிச்சை முழுக்க மிஸ் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் நடந்தது.

நான் துண்டை வீசிக் காட்டிய மறுநாள் மத்தியானமே, சொன்னபடி எங்கள் கடைக்கு வந்துவிட்டார். கூட்டம் குறைந்த நேரம். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ ஒன்று சொல்லிவிட்டு, என் கல்லுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "வேலையப் பாருங்க தம்பி, நான் இல்லன்னு நெனச்சுக்குங்க" என்றார். எப்படி நினைப்பது? அரை மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தார். எழுந்து வந்து, உயரத்தை அளப்பது போல மேசையை ஒட்டி நின்று பார்த்தார். "இந்த மேசய யாருக்குச் செஞ்சாங்க?"

எனக்கு முன்னால் இருந்தவர் ஆறடி ஆள் என்று முதலாளி சொன்னார்.

"அவரு போயி?"

"இருபது வருஷமாச்சு மிஸ்."

"அப்ப இருபது வருஷமா இவரு அவரோட சட்டைய மாட்டிக்கிட்டு வேல செய்யறாரு" என்றார்.

கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் தட்டையான மரப்பலகை ஒன்று கிடந்தது. அதைத் தானே இழுத்து வந்து என் காலடியில் போட்டார். ஏறி நின்றேன். மாவு திடீரென்று எனக்குக் கீழே இருந்தது. இருபது வருஷத்தில் முதல்முறையாக என் மாவை நான் மேலேயிருந்து பார்த்தேன். "ஒட்டி நில்லுங்க. முழங்கைய விலாவுக்குப் பக்கத்துல வையுங்க. வீசும்போது தோளத் தூக்காதீங்க, இடுப்பத் திருப்புங்க. காலு எதுக்கு இருக்கு?" ஒரு ரொட்டி வீசினேன். கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. முதலாளி முகத்தைச் சுளித்தார். ஐந்தாவது, பட்டுத் துணி மாதிரி விரிந்து கல்லில் விழுந்தது. வலி இருந்தது, ஆனால் அந்தச் சுருக்கென்ற குத்தல் இல்லை.

முதலாளி "பரவாயில்லயே மிஸ்!" என்று சொல்லத் தலையைத் திருப்பியபோது, உடம்பு முழுக்கச் சேர்ந்து திரும்பியதை மிஸ் பார்த்துவிட்டார். "உங்க கழுத்து எத்தன நாளா திரும்பல?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து நானும் என் முதலாளியும் ஒரே கொமியூட்டரில் பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தோம். தண்ணீர் கலக்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

பலகையில் ஏறி நின்றதும் தோள் குணமாகிவிடவில்லை. நைந்த கயிறு மாதிரி இருக்கிறது உங்கள் தசைநார் என்று மிஸ் விளக்கினார். "நைஞ்சதுக்கு ஓய்வு மட்டும் குடுத்தா அப்படியே நோஞ்சானாக் கெடக்கும். தாங்குற அளவு பாரம் காட்டணும். இன்னிக்குக் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். செய்யும்போது லேசா வலிச்சாப் பயப்படாதீங்க. மறுநாள் காலைல வலி கூடியிருந்தா, நேத்து அதிகமா செஞ்சுட்டோம்னு அர்த்தம், அவ்ளோதான். கொறச்சுக்குங்க, விட்டுடாதீங்க." சுவரில் கையை வைத்து அழுத்துவது, ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி இழுப்பது, முழங்கையை விலாவோடு வைத்துக் கையை வெளியே திருப்புவது என்று எட்டுப் பயிற்சி தந்தார். ஒவ்வொன்றும் தினமும் இரண்டு வேளை.

எனக்கு வெட்கம் தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது வாரம் பாதி. மூன்றாவது வாரம் பட்டை எங்கே இருக்கிறது என்று என் மனைவி கலாவைக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் கிளினிக்கில் மிஸ் கேட்டதும், "எல்லாம் செஞ்சேன் மிஸ், ரெண்டு வேளையும்" என்றேன்.

"சந்தோஷம். ஆறாவது பயிற்சியச் செஞ்சு காட்டுங்க."

ஆறாவது எது என்றே எனக்குத் தெரியவில்லை. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படியா, அப்படியா என்று இழுத்தேன். நாற்காலியில் இருந்த பெரியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். மிஸ் என் கையிலிருந்து பட்டையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலைல எத்தன மணிக்கு எழுந்திரிக்கிறீங்க?"

"நாலு மிஸ்."

"வீட்டுக்கு எப்ப வரீங்க?"

"மூணு ஆயிடும்."

பட்டையைச் சுருட்டி என் மடியில் வைத்தார். "எட்டு குடுத்தது என் தப்பு. நாலு மணிக்கு எழுந்து பத்து மணி நேரம் நிக்கிற மனுஷனுக்கு எட்டு பயிற்சி குடுக்கிறவளுக்குத்தான் புத்தி இல்ல. ரெண்டு போதும். கல்லு சூடாகிற நேரத்துல ஒண்ணு, மாவு ஊறுற நேரத்துல ஒண்ணு. ஆனா அந்த ரெண்டையும் விடக்கூடாது. சரியா?"

அப்படி ஒருவர் தன் தவறு என்று சொன்னதற்குப் பிறகு ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. கல் சூடாகும் நேரத்தில் பட்டையைக் கடையின் இரும்புக் கதவில் கட்டி இழுப்பேன். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். நான்கு மாதத்தில் வலது பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினேன்.

அந்தப் பெரியம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிள்ளானிலிருந்து வருகிற மேரி ஆன்டி. அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம், ஒன்றில் அதிகம். ஆனால் அவருடைய கவலை முட்டியைப் பற்றி அல்ல. தேவாலயத்தில் பாடகர் குழு நிற்பது மேல்மாடத்தில். ஏற முடியாததால் ஒரு வருஷமாகக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, மேலே மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கீழருந்து பாடுனா எனக்கே என் குரல் யாரோ மாதிரி கேக்குது மிஸ்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மிஸ் மெதடிஸ்ட். ஆனாலும் ஒரு சனிக்கிழமை அந்தக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போய் மாடப்படிகளில் நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். பத்தொன்பது படி, நடுவில் ஒரு திருப்பம், கைப்பிடி இடது பக்கம் மட்டும் என்றார். அன்றிலிருந்து மேரி ஆன்டிக்கு வேலை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக. பிறகு ஒரு தலையணை. பிறகு ஒன்றும் இல்லாமல். "தேஞ்ச முட்டிய நான் புதுசாக்க முடியாது ஆன்டி. அதச் சுத்தி இருக்கிற தசையப் பலமாக்கலாம். அது பாரத்த வாங்கிக்கும்." படிக்கு ஒரு விதியும் சொல்லித் தந்தார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் மேரி ஆன்டி அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தார், அவர்களுக்கு முட்டி வலி இருக்கிறதா என்று கேட்காமலேயே.

மறு வருஷம் கிறிஸ்துமஸ் பூசைக்கு மிஸ் எங்களையும் கூப்பிட்டார். கலாவும் நானும் இந்துக்கள். பூசையில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். மேலே பாட்டு தொடங்கியதும் மிஸ் என் முழங்கையைக் கிள்ளினார். "கேக்குதா? மூணாவது வரிசைல, தடிச்ச குரல். அதான் நம்ம ஆன்டி." எனக்கு எல்லாக் குரலும் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனால் மிஸ் முகத்தைப் பார்த்து, கேட்கிறது என்று தலையாட்டினேன்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவே அவர் சிரிப்பு நின்றுபோனதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் மச்சான் சேகரை அழைத்துப் போன அன்று.

சேகர் கலாவின் தம்பி. கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறான். இரண்டு மாதமாக இடுப்பு வலி, காலில் இறங்கியிருக்கிறது என்றான். நம்ம மிஸ்ஸிடம் வா என்று ஒரு சனிக்கிழமை காலை இழுத்துப் போனேன். நாங்கள் கடை வரிசையின் நடைபாதையில் வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாக மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தம்பி, குதிகாலால நடங்க. விரல மேல தூக்கி."

வலது பாதம் தூக்கியது. இடது பாதம் தட்டென்று தரையில் விழுந்தது. மறுபடி முயன்றான். மறுபடியும் தட். அவனே அதை அப்போதுதான் கவனித்தான் போல, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

மிஸ் அவனருகே போய்க் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குப் போறதுல ஏதும் மாத்தம் இருக்கா?" என்று கேட்டார். சேகர் தலையைக் குனிந்தான். நான் வெளியே வந்துவிட்டேன். முந்தின நாள் மாலையிலிருந்து சரியாகப் போகவில்லை என்றும், உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது என்றும், அக்காவிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு இருந்தான் என்றும் பிறகு தெரிந்தது.

இரண்டு நிமிடத்தில் மிஸ் கார்ச் சாவியோடு வந்தார். "இது நான் தொடக்கூடாத வலி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்கக் கூடாது, இப்பவே" என்றார். காத்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னார். எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். அவசரப் பிரிவில் அவர்தான் எங்களுக்காகப் பேசினார். எந்தக் கால், எப்போதிலிருந்து, எங்கே மரத்திருக்கிறது என்று ஒரு மூச்சில் சொன்னார். முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவி நரம்புக் கற்றையை நெருக்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை. இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, செய்தி கேட்டு ஓடி வந்திருந்த கலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கலா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மிஸ், "அழுது முடிச்சிட்டு ஏதாவது சாப்பிடுங்க. காலைலேர்ந்து நானும் சாப்பிடல" என்றார். ஆஸ்பத்திரி கேண்டீனில் மூன்று பேரும் ஆறிப்போன மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

நீர் போவது சில வாரங்களில் சரியானது. பாதம்தான் சோம்பேறித்தனம் செய்தது. விரல் நுனி மேலே அசைவதற்கே இரண்டு மாதம் ஆனது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை கிள்ளானிலிருந்து வந்தான். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மிஸ். லோரில ஏறணும்" என்றான். மிஸ் கிள்ளானுக்குப் போய் லோரி ஏறும் படிகளின் உயரத்தை அளந்து வந்து, தச்சரிடம் சொல்லி அதே உயரத்தில் மூன்று மரப்பெட்டி செய்து கிளினிக்கில் வைத்தார். சுவரில் இரண்டு கைப்பிடி. ஏறு, இறங்கு. ஏறு, இறங்கு. முன்பெல்லாம் சேகர் இருக்கையிலிருந்து அப்படியே தரைக்குக் குதிப்பான். அதை ஒழித்தார். லோரியைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும், எப்போதும் கையும் காலுமாக மூன்று பிடிப்பு இருக்க வேண்டும் என்றார். பேட்மிண்டன் அங்கிள்கள் வரிசையாக நின்று எண்ணுவார்கள். மேரி ஆன்டி, அவர்தான் யாரையும் விடமாட்டாரே, "நல்ல காலு மொதல்ல!" என்று கத்துவார்.

இப்போது அந்தக் கிளினிக்கை இன்னொரு பிசியோ நடத்துகிறார். நல்ல பையன், என் முதலாளிக்கு அவனைப் பிடிக்கும். மிஸ் பினாங்கில் மகளோடு இருக்கிறார். அங்கே கடற்கரையில் நடப்பவர்கள் பாடு என்னவோ. அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் முன்னால் வந்து நிற்பது, சேகர் மறுபடி லோரி ஏறிய நாள்தான்.

எட்டு மாதம் கழித்து, கம்பெனி டாக்டர் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்ட வாரம். ஒரு காலை நேரம் கிள்ளான் லோரி நிறுத்துமிடத்துக்கு மிஸ், கலா, நான் மூன்று பேரும் போனோம். கலா ஒரு டப்பா நிறையக் கேசரி கொண்டு வந்திருந்தாள். மேனேஜர் வெளியே வந்து கைகொடுத்துவிட்டு, இன்று கொள்கலன் வேண்டாம், வெறும் லோரித் தலையை மட்டும் ஓட்டிப் பழகிக்கொள் என்று சொல்லி ஏசி அறைக்குத் திரும்பிவிட்டார். சேகர் கைப்பிடியைப் பிடித்தான். வலது கால், இடது கால், வலது கால். உட்கார்ந்துவிட்டான். கலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேலேயிருந்து அவன் எங்களைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

மிஸ், "நான் லோரில போனதே இல்ல. ஏறலாமா?" என்றார்.

"வாங்க மிஸ்!"

அந்தக் குள்ளமான உருவம் மறுபக்கத்தால் மளமளவென்று ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டது. இருவரும் ஜெஞ்சாரோம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வாசலில் நுழையும்போதே ஹாரன் அலறியது. அழுத்தியது மிஸ் என்று சேகர் பிறகு சொன்னான். வண்டி நின்றது. மிஸ் முறைப்படி லோரியைப் பார்த்தபடி இறங்கினார். தரையில் கால் வைத்ததும் "அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் பதறி ஓடினோம்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நிமிர்ந்தார். "சேகர், இந்த சீட்டு ஸ்பிரிங் செத்து எத்தன வருஷம் ஆச்சு?"

"நான் வந்ததுலேர்ந்தே இப்படித்தான் மிஸ். எல்லா லோரியும் அப்படித்தான்."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லிட்டோம், பல தடவ. பாக்கலாம்னு சொன்னாங்க."

மிஸ் டிராக்சூட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக அலுவலக அறைக்கு நடந்தார். கண்ணாடி வழியாக அவர் கை ஆடுவதையும், மேனேஜர் தலையாட்டுவதையும், பிறகு தலையாட்டுவதை நிறுத்துவதையும் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். மேனேஜர் கழுத்து டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, லோரியை அண்ணாந்து பார்த்தார். கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் எல்லோரும் தம்ளரோடு எழுந்து வந்து வரிசையாக நின்றார்கள். மேனேஜர் இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை ஏறி, சேகருக்குப் பக்கத்தில் அதே சீட்டில் உட்கார்ந்தார். யாரோ கைதட்டினார்கள்.

சேகர் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்தான். மிஸ் கலாவின் டப்பாவிலிருந்து ஒரு விள்ளல் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு கையை ஆட்டினார்.

"ஜெஞ்சாரோம் வேணாம் சேகர், தூரம். பின்னால அந்தப் பள்ளம் பள்ளமா இருக்கே, அந்த ரோட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. மெதுவால்லாம் வேணாம்!"